மூன்றாம் நாளே கரு தங்கியது தெரியுமா?

"உறவு கொண்ட மூன்றாம் நாளே மார்பு கனக்கிறது, அசதியாக இருக்கிறது. கரு தங்கிவிட்டதா? உள்ளே என்னதான் நடக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றாம் நாளில் கரு உண்டாகியே இருந்தாலும் அது இன்னும் கருப்பைக்கு வந்து சேர்ந்திருக்காது. அதனால் அந்த அசதிக்குக் காரணம் கரு இல்லை. நான் டாக்டர் இல்லை. முதல் பிள்ளைக்காக நெடுநாள் காத்திருந்தபோது இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தவள்.

சினைப்பையை விட்டு வெளியே வந்த முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். ஆகவே திங்கட்கிழமை உறவு கொண்டு வியாழக்கிழமை கரு உண்டாவதும் நடக்கிற கதைதான்.

இரண்டும் சேருமிடம் கருக்குழாய். ஒரு விந்தணு நுழைந்ததுமே முட்டையின் மேலுறை மாறி மற்றவற்றுக்கு வழி அடைபட்டுவிடும். சுமார் ஒரு நாளில் அந்த ஒரு செல் இரண்டாகும், அப்புறம் நாலு, எட்டு. செல்கள் பெருகினாலும் மொத்த உருவம் பெரிதாவதில்லை. குழாய்க்குள் இருக்கும் நுண்ணிழைகள் மெல்ல நகர்த்த, நாலைந்து நாளில் கருப்பைக்குள் வந்து விழுகிறது. வந்ததும் ஒட்டிக்கொள்வதில்லை. மேலுறையை விட்டு வெளியேறி, ஆறாம் நாளுக்கு மேல்தான் சுவரில் பதியத் தொடங்கும். அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் பெண்களின் சிறுநீரைத் தினமும் சோதித்து 1999-ல் வெளியிட்ட ஆய்வில், நிலைத்த கருக்களில் 84 சதவீதம் முட்டை வெளிவந்த 8, 9, 10-ஆம் நாட்களில்தான் பதிந்திருந்தன.

பதிந்த பிறகே கரு சுரக்கும் எச்சிஜி ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. இதன் வேலை சுவாரசியமானது. முட்டை வெளியேறிய இடத்தில் மிஞ்சும் மஞ்சள் நிறத் திசு புரோஜெஸ்டரான் என்ற ஹார்மோனைச் சுரந்து கருப்பையின் உட்சுவரைக் காத்துக்கொண்டிருக்கும். எச்சிஜி வரவில்லை என்றால் அது இரண்டு வாரத்தில் சுருங்கிவிடும், மாதவிடாய் வந்துவிடும். எச்சிஜி வந்தால் நஞ்சுக்கொடி பொறுப்பெடுக்கும்வரை அந்தத் திசு சுரந்துகொண்டே இருக்கும்.

மார்பு கனப்பது, அசதி, உடம்புச் சூடு எல்லாம் இந்தப் புரோஜெஸ்டரான் வேலை. கரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதத்தின் பின்பாதியில் அது சுரக்கத்தான் செய்யும். அதனால் அறிகுறியை வைத்து ஜோசியம் பார்க்காதீர்கள். நாள் தள்ளிப்போனதும் காலை முதல் சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் கிட் போட்டுப் பாருங்கள். ஒரு கோடு மட்டும் வந்தால் இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி பாருங்கள். கிட் தேடுவது எச்சிஜியைத்தான்; ஆரம்பத்தில் அது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

இன்னொன்று. நாள் தள்ளி ஒரு வாரத்தில் போனால் டாக்டர் "5 வாரம்" என்று எழுதுவார். கரு உண்டாகி மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவது அவர்கள் வழக்கம். இது தெரியாமல் கணக்கு இடிக்கிறதே என்று சந்தேகப்பட்டுப் பெண்ணை அழவைத்த வீட்டை எனக்குத் தெரியும்.

மாடிப்படி ஏறாதே, காலைத் தூக்கி வைத்துப் படு என்பார்கள். கரு பதிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபோலிக் ஆசிட் மாத்திரை வேறு விஷயம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான நாலு வாரத்துக்குள் மூடிவிடும். பலருக்குக் கர்ப்பம் என்று தெரிவதே அந்தச் சமயத்தில்தான். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே தொடங்கிவிடுவது நல்லது. சாதாரணமாகச் சொல்வது தினம் 400 மைக்ரோகிராம்.

சில சமயம் கரு குழாயிலேயே தங்கிவிடும். அப்போதும் கிட்டில் இரண்டு கோடு வரும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தக்கசிவு, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி என்று எது வந்தாலும் காலை ஓபி திறக்கும்வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.