ஒரு விஷயத்தில் நாமே யோசித்து முடிவுக்கு வருவது எப்படி?

ஆளுக்கொன்று சொல்லும்போது நம் கருத்து எது என்று எப்படித் தெரிந்துகொள்வது எனக் கேட்டிருக்கிறீர்கள்.

பிறர் பேச்சு நம்மை இழுப்பது உண்மைதான். 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் சோதனைக்கு வந்தவர்களிடம் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். கூட இருந்தவர்கள், அதாவது முன்பே சொல்லிவைத்த ஆட்கள், வேண்டுமென்றே தப்பாகச் சொன்னபோது, சுமார் நால்வரில் மூவர் ஒரு தடவையாவது அவர்களோடு ஒத்துப்போனார்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டுக்கே இந்தக் கதி.

ஆனால் என்னைக் கேட்டால், பெரிய தொந்தரவு மற்றவர்கள் அல்ல, நாமேதான். 1960-இல் பீட்டர் வேசன் என்ற இன்னொரு உளவியலாளர் 2, 4, 6 என்று மூன்று எண்களைக் கொடுத்து, இதன் பின்னுள்ள விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வேறு எண்களைச் சொன்னால், விதிக்குப் பொருந்துமா என்று சொல்வார். 8, 10, 12? பொருந்தும். 20, 22, 24? அதுவும் பொருந்தும். சரி, 'இரண்டிரண்டாகக் கூடுகிறது' என்று அடித்துச் சொன்னால், தப்பு! ஏறுவரிசையில் மூன்று எண்கள், விதி அவ்வளவுதான். 1, 2, 3 என்று ஒருமுறை கேட்டிருந்தாலே பிடிபட்டிருக்கும்.

அதனால், 'நான் நினைப்பது தப்பு என்றால் எது கண்ணில் படும்?' என்று கேட்டு, அதைத்தான் முதலில் தேடுவேன். அப்புறம் எதிர்த்தரப்பின் வாதத்தை, அவர்களே 'ஆமாம், இதைத்தான் சொல்கிறோம்' என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு தாளில் எழுதிப் பார்ப்பேன். எழுத வரவில்லையென்றால் விஷயம் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். (பாதி நேரம் எனக்கு வருவதில்லை.) அதுவரை யாராவது கேட்டால், 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்று கூசாமல் சொல்லிவிடலாம்.