வெளிநாட்டுப் பயணத்துக்கு அடாப்டரா, கன்வர்ட்டரா? – கேள்வி பதில்

கேள்வி: சார், அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். போன், லேப்டாப் சார்ஜருக்கு கன்வர்ட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். சார்ஜரில் பொடி எழுத்தில் 'இன்புட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் எந்த ஊர் கரண்ட்டையும் அது தாங்கும். தட்டையான பின் உள்ள அடாப்டர் போதும். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டேஜைத் தொடாது. வோல்ட்டேஜை மாற்றுவதுதான் கன்வர்ட்டர்.

கேள்வி: அப்படியே மகளுக்கு ஒரு 750 வாட்ஸ் மிக்ஸியும் கொண்டுபோகலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நம் மிக்ஸி 230 வோல்ட்டுக்குச் செய்தது, அங்கே வருவது 120. வெறும் அடாப்டரில் போட்டால் பிளேடு திணறித் திணறிச் சுற்றும், சட்னிக்குத் தேங்காய்கூட அரைபடாது. வோல்ட்டேஜை ஏற்றித்தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மோட்டார் கிளம்பும்போது கூடுதலாக இழுக்கும், அதனால் 1500 வாட்ஸாவது தாங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும். அதன் கனத்தைத் தூக்கிப் பார்த்தால் ஆசை போய்விடும். அந்த ஊர் வோல்ட்டேஜுக்கே செய்த (110 வோல்ட் என்று போட்டிருக்கும்) நம்மூர் மிக்ஸிகள் அங்கேயே கிடைக்கின்றன, மகளை அதையே வாங்கச் சொல்லுங்கள்.

வெட் கிரைண்டர் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹெர்ட்ஸ் என்பது கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. நம்மூரில் 50, அங்கே 60, டிரான்ஸ்ஃபார்மர் அதை மாற்றாது. அதைப் பொறுத்தே வேகம் பிடிக்கும் கிரைண்டரின் இண்டக்‌ஷன் மோட்டார் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடி ஓடும்.

கேள்வி: அக்கா அமெரிக்காவிலிருந்து ஹேர் டிரையர் கொண்டுவந்திருக்கிறாள். இங்கே போடலாமா?

பதில்: 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் போடவே போடாதீர்கள். வோல்ட்டேஜ் இரட்டித்தால் சூடு கிட்டத்தட்ட நான்கு மடங்காகும், உள்ளே சூடேற்றும் கம்பிச்சுருள் கருகிவிடும். சிலவற்றில் 125/250 என்று மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கும். அது இருந்தால் 250-க்குத் தள்ளிவிட்டு அப்புறம் செருகுங்கள்.

கேள்வி: சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் ஒரே அடாப்டர் போதுமா?

பதில்: போதும், மலேசியாவுக்கும் அதுவேதான். மூன்று செவ்வகப் பின். வோல்ட்டேஜ் நம்முடையதை ஒட்டியதுதான், கன்வர்ட்டரே தேவையில்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவை விட்டு, மற்ற துளைகளின் மூடியைத் திறந்து நம்மூர் ரெண்டு பின் பிளக்கைத் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் உண்டு. இப்படித் திணித்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கேள்வி: ஜப்பானுக்கு?

பதில்: அமெரிக்க அடாப்டர்தான், ஆனால் ரெண்டு பின் உள்ளதாக வாங்குங்கள். பல அறைகளில் எர்த் துளை இருக்காது. அங்கே 100 வோல்ட், சார்ஜருக்குப் பிரச்சினையில்லை.