கிளம்ப மறுக்கும் ஆயில் இன்ஜின்

கேள்வி: எங்கள் வயல் மேலூருக்குக் கிழக்கே, பெரியாறு கால்வாயின் கடைமடையில் இருக்கிறது. கால்வாய்த் தண்ணீர் நின்ற பிறகு கிணற்றிலிருந்து இறைக்க, அப்பா காலத்தில் வாங்கிய 5 குதிரைத்திறன் ஆயில் இன்ஜின்தான் துணை. எட்டு மாதம் ஓடாமல் கிடந்த அதற்கு, டேங்கைக் கழற்றிக் கழுவிப் புது டீசல் ஊற்றி, இரண்டு பேர் மாறி மாறி ஹேண்டில் போட்டுச் சுற்றியும் கிளம்பவில்லை. சிலிண்டரின் தலைமூடியான ஹெட்டை இறக்கி, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், மேலூர் வட்டம்

பதில்: இப்போதைக்கு ஹெட்டில் கைவைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, டேங்கைக் கழற்றினீர்கள் என்ற செய்திதான். அந்த நேரத்தில் டீசல் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக நெருக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில்தான் நாசில் பீச்சும் டீசல் பற்றிக்கொள்கிறது. ஆகவே டீசல் போகவில்லையா, கம்ப்ரஷன் (காற்றின் நெருக்கம்) இல்லையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். வேகமாகச் சுற்றும்போது சைலன்சரில் வெண்புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை.

புகை இல்லாவிட்டால், நிறுத்தும் லிவர் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இதை மறந்துவிட்டுக் கை ஓயச் சுற்றியவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். பிறகு டேங்கிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். கழுவிய தண்ணீர் மிச்சமிருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். அடுத்து ஏர் எடுக்க, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரின் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வழியும்வரை காத்திருந்து இறுக்குங்கள். பம்பில் உள்ள திருகிலும் அவ்வாறே செய்யுங்கள். கடைசியாக, நாசிலுக்குப் போகும் கெட்டிக் குழாயின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, வால்வைத் திறந்து வைத்து நெருக்கத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிவிட்டுச் சுற்றினால் அங்கும் டீசல் குமிழியில்லாமல் வரும். நட்டை இறுக்கியபின், ஒவ்வொரு வீச்சுக்கும் நாசில் ‘கிர்ர்’ என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்ட பிறகே வேகமெடுத்து லிவரை இறக்க வேண்டும்.

நாசிலைக் கழற்றிச் சோதிக்கும்போது அதன் முன் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெண்புகை வந்தும் கிளம்பாவிட்டால், டீகம்ப்ரஷன் லிவரை இறக்கிவிட்டுப் பிளைவீலை மெதுவாகத் தள்ளுங்கள். நல்ல இன்ஜின் ஓரிடத்தில் முரண்டு பிடித்துப் பின்னுக்கு உதைக்கும். உதைக்கவில்லையென்றால், நெடுநாள் நின்ற இன்ஜினில் துருவாலும் கரியாலும் வால்வு மூடாமல் சிக்கியிருக்கிறதா என்று மேல்மூடியைத் திறந்து பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால், காற்று நுழையும் வழியில் ஒரே ஒரு சிறு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, சில சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி தள்ளிப் பாருங்கள். கம்ப்ரஷன் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது ஒட்டியிருக்கிறது. கூடாவிட்டால் வால்வோ, ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட்டோ கசிகிறது. மெக்கானிக் சொன்னது தவறென்று நான் கூறவில்லை. இந்தச் சோதனைகளைச் செய்யாமல் செலவு வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

கேள்வி: மார்கழிக் காலையில் எங்கள் இன்ஜின் எளிதில் கிளம்புவதில்லை. ஏர் கிளீனரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றலாமா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: கூடவே கூடாது. பிஸ்டன் மேலே போய்ச் சேருமுன் பெட்ரோல் பற்றிக்கொண்டால் ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டு முறியலாம்; கனெக்டிங் ராடும் வளையலாம். சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்ப்பாதையில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிச் சிறிது நேரம் கழித்துச் சுற்றிப் பாருங்கள். அப்படியும் தினம் முரண்டு பிடித்தால் நாசில் தெளிக்காமல் சொட்டுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அதைக் கழற்றி, மதுரையில் டீசல் பம்பு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.