தீர்ப்புக் கையில் இருக்கிறது, காணியை வாங்கலாமா? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உவர்மலையில் 20 பேர்ச் காணி ஒன்று பார்த்திருக்கிறோம். விற்பவருக்கும் இன்னொருவருக்கும் இடையே இருந்த வழக்கு போன மாதம் மாவட்ட நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாக முடிந்ததாம். தீர்ப்பின் பிரதியையும் காட்டுகிறார். உறுதி எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தீர்ப்பு வந்திருக்கிறது, வழக்கு முடிந்துவிட்டதா என்பதை இனித்தான் பார்க்க வேண்டும். தோற்றவர் 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலையும் 60 நாளுக்குள் மேன்முறையீட்டு மனுவையும் அதே மாவட்ட நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். 14 நாள் கணக்கில் தீர்ப்பு நாளும் ஞாயிறுகளும் பொது விடுமுறைகளும் சேராது. சித்திரைப் புத்தாண்டுக் காலத்துத் தீர்ப்பென்றால் அந்தத் தவணை மூன்று வாரம்வரை நீளும். 60 நாளுக்கு அந்தக் கழிவு கிடையாது.

மேன்முறையீடு செய்யப்பட்டதா என்பதைத் தீர்ப்பின் பிரதி சொல்லாது, வழக்கேடுதான் சொல்லும். வழக்கு இலக்கத்தை வாங்கிக்கொண்டு, தீர்ப்பு நாள் முதல் இன்றுவரையான நாட்குறிப்புப் பக்கங்களின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை உங்கள் சட்டத்தரணி மூலம் எடுங்கள். விற்பவரின் சட்டத்தரணியே உங்களுக்கும் பார்க்கட்டும் என்று விடாதீர்கள். 60 நாள் கழிந்தும் அறிவித்தலோ மனுவோ பதியப்படவில்லை என்றால்தான் அடுத்த படிக்குப் போகலாம்.

மேன்முறையீடு நடந்து அதிலும் விற்பவர் வென்றிருந்தால், குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பிலிருந்து இன்னொரு 42 நாள் இருக்கிறது. அதற்குள் உயர் நீதிமன்றத்தின் அனுமதி கேட்டு மனுச் செய்யலாம். அந்த மனு கொழும்பில் இருக்கும், திருகோணமலை வழக்கேட்டில் உடனே தெரியாது.

"நான்தானே காணிக்குள் இருக்கிறேன்" என்று விற்பவர் சொல்வதும் போதாது. மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே தீர்ப்பாணையை, அதாவது தீர்ப்பின்படி எழுதிய நீதிமன்றக் கட்டளையை, நிறைவேற்றிக் காணிக்குள் போக வழி உண்டு. காணிப் பதிவகத்தில் வழக்கு நிலுவை அறிவித்தல் (இந்தக் காணி மேல் வழக்கு நடக்கிறது என்ற குறிப்பு) பதியப்பட்டிருந்தால், மேல் நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டும்போது அது உங்களையும் கட்டுப்படுத்தும். பதிவகத்தில் தேடும்போது உறுதியில் குறித்த ஒரு ஏட்டை (அந்தக் காணியின் பதிவுகள் எழுதப்படும் பக்கத்தை) மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஒரே காணிக்கு எல்லை விபரம் சற்று மாறியதால் இரண்டு ஏடுகள் திறக்கப்பட்டிருப்பது இங்கே சாதாரணம். வழக்கு ஒன்றிலும் விற்பனை மற்றதிலும் கிடக்கும். குறைந்தது 30 வருடத்துப் பதிவுகளை, தொடர்புள்ள எல்லா ஏடுகளிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

அது பாகப்பிரிப்பு வழக்கு என்றால் இன்னும் கடுமை. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிப்புச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்படி, வழக்கு காணிப் பதிவகத்தில் முறையாகப் பதியப்பட்ட பிறகு, இறுதித் தீர்ப்பாணைக்கு முன் பிரிபடாத பங்கை விற்றால் அந்த விற்பனை செல்லாது.

கேள்வி: நிலாவெளிக் காணியை விற்பவரிடம் டிக்ளரேஷன் உறுதி மட்டும் இருக்கிறது. சகோதரர்கள் வெளிநாட்டில், தான் 10 வருடத்துக்கு மேல் ஆள்கிறேன், ஆகவே முழுக் காணியும் தன்னுடையது என்கிறார்.

பதில்: அப்படி ஆகாது. 10 வருட ஆட்சி என்பது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு. அந்த ஆட்சி தடையற்றதாக மட்டுமன்றி, மற்றவரின் உரிமையை மறுத்ததாகவும் இருக்க வேண்டும். கூட்டுரிமையாளர் ஒருவரின் ஆட்சி மற்றவர்களுக்காகவும் நடக்கும் ஆட்சியே என்று 1911 இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. மற்றவர்களின் பங்கை மறுத்து அவர்களை வெளியேற்றியதற்குச் சமமான செயல் ஒன்று நிரூபிக்கப்பட வேண்டும். மிக நீண்ட காலத் தனி ஆட்சியும் சூழ்நிலையும் சேர்ந்தால் அதை ஊகிக்கலாம் என 1918 இல் இங்குள்ள உயர் நீதிமன்றம் கொஞ்சம் இளக்கம் காட்டியது உண்மை. ஆனால் வேலி போட்டதும் தேங்காய் பறித்ததும் மட்டும் அதற்குப் போதாது. டிக்ளரேஷன் உறுதி ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் கூற்று, அவ்வளவுதான். சகோதரர்கள் எல்லோரும், அல்லது அவர்கள் கொடுத்த அற்றோணித் தத்துவத்தின் கீழ் ஒருவர், உறுதியில் ஒப்பமிடட்டும்.

கேள்வி: கிண்ணியாவில் ஒரு காணிக்கு "நீதவான் நீதிமன்றம் எனக்கே கொடுத்தது" என்று ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவுக் கட்டளையைக் காட்டுகிறார்கள்.

பதில்: அந்தக் கட்டளை உரிமையைத் தீர்மானிப்பதில்லை. அமைதி குலையாமல் இருக்க, பொலிஸ் அறிக்கை தாக்கலான நாளில் யார் ஆட்சியில் இருந்தார், அதற்கு முந்திய 2 மாதத்துக்குள் யாரேனும் வலிந்து வெளியேற்றப்பட்டாரா என்பதை மட்டும் நீதிமன்றம் பார்க்கும். இதற்கு மேன்முறையீடு இல்லை. மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம். மேன்முறையீடே இல்லையே, அதனால் இதுவே முடிந்த முடிவு என்று சிலர் விலை பேசுவார்கள். மற்றத் தரப்பு எப்போதும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். இந்தக் கட்டளையை நம்பி விலை கொடுக்கவே கூடாது.

கேள்வி: முந்திய உறுதி கள்ள உறுதி என்று குற்றவியல் வழக்கு நடந்து, விற்பவர் விடுதலையாகிவிட்டார். இனிப் பயமில்லையா?

பதில்: இருக்கிறது. குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். குடியியல் வழக்கில் எந்தப் பக்கம் நிகழ்தகவு கூடுகிறதோ அந்தப் பக்கம் தீர்ப்புப் போகும். ஆகவே விடுதலையானவரின் உறுதியே மாவட்ட நீதிமன்றத்தில் போலி எனக் காணப்படலாம். நீங்கள் நல்லெண்ணத்தோடு முழு விலை கொடுத்து, பதிவும் செய்திருந்தாலும் போலி உறுதி உங்களுக்கு உரித்தைத் தராது. குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டாலும் உறுதி தானாக ரத்தாகாது, அதற்குக் குடியியல் வழக்கு வேண்டும். நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்பிய இரண்டாம் பிரதியோடு விற்பவரின் உறுதியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பங்கள், சாட்சிகள் இருவரின் பெயர்கள், திகதி எல்லாம் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். குறித்த திகதிக்கு முன்பே உரிமையாளர் இறந்திருந்தார் என்பது மரணச் சான்றிதழில் தெரிந்துவிடும்.

கேள்வி: கந்தளாயில் பெர்மிட் காணி மலிவாக வருகிறது.

பதில்: பெர்மிட் என்பது அரச காணியை ஆள அரசு கொடுக்கும் அனுமதிப் பத்திரம். பெர்மிட்காரர் உரிமையாளர் அல்ல, அறுதியாக விற்க அவரால் முடியாது. அளிப்புப் பத்திரம் (கிராண்ட்) கிடைத்த காணியை விற்கவும் எழுத்து மூல முன் அனுமதி வேண்டும், பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அரச காணி மீட்புச் சட்டத்தின் கீழ் வெளியேறும் அறிவித்தல் வந்தால், மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்க முடியாது என்று 2013 இல் உயர் நீதிமன்றம் ஸ்டாஃபோர்ட் தோட்ட வழக்கில் முடிவு செய்தது. கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை அலைய வேண்டும்.

கேள்வி: வழக்கு முடியும்வரை காணியை விடாமல் முற்பணம் கொடுத்து வைக்கலாமா?

பதில்: நொத்தாரிசு முன் 2 சாட்சிகளோடு எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்த விற்பனை உடன்படிக்கையாக இருந்தால் மட்டும். முத்திரை ஒட்டிய துண்டில் ஒப்பமிட்டு வாங்கிய பற்றுச்சீட்டை வைத்து உறுதி எழுதித் தரும்படி கட்டாயப்படுத்த முடியாது, பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்காடலாம், அவ்வளவே. உடன்படிக்கையில் வழக்கு இலக்கத்தையும், மேன்முறையீட்டுத் தவணை கடந்த பின்னரே மிகுதிப் பணம் என்பதையும், தீர்ப்பு மாறினால் எத்தனை நாளில் முற்பணம் திரும்பும் என்பதையும் எழுதுங்கள். வாங்கிய பிறகு யாராவது உங்கள் மேல் வழக்குப் போட்டால், உரித்தைக் காத்துத் தரும்படி விற்றவருக்கு உடனே பதிவுத் தபாலில் அறிவித்தல் அனுப்புங்கள். அனுப்பாமல் தனியே வழக்காடித் தோற்றால், கொடுத்த விலையை அவரிடம் மீட்பது மிகக் கடினம்.