ஆசிரியை பதில்கள்: புத்தகத்தை மூடு, தாளை எடு

அக்டோபர் பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் முருங்கைக்கீரையும் மாமியாரும் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள்; தென்னாப்பிரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் எழுதும் மெட்ரிக் தேர்வு முன்னால் வந்து நிற்கும். டர்பனில் 34 ஆண்டு உயிரியல் நடத்தியவள், விடைத்தாள் திருத்தியவள் என்பது வாசகர்களுக்குத் தெரிந்துபோனதால் வந்த வினை. பாடத்தின் பெயர் லைஃப் சயின்ஸஸ் என்று மாறி வெகுகாலம் ஆகிறது. என் வாயில் இன்னும் உயிரியல்தான் வருகிறது.

டீச்சர், முதல் தாளுக்கு முன்னால் எனக்கு மூன்று நாள் கிடைக்கிறது. பாடப்புத்தகத்தை மூன்று முறை படித்து, நான்கு நிறத்தில் கோடும் போட்டுவிட்டேன். படிக்கும்போது எல்லாம் தெரிகிறது. மாதிரித் தேர்வில் கண்ணைப் பற்றிக் கேட்டதும் ஒன்றும் வரவில்லை. அந்த மூன்று நாளில் எதைப் படிக்கட்டும்? (மாணவி, பீனிக்ஸ்)

எதையும் படிக்க வேண்டாம் அம்மா. பக்கம் உன் கண்ணுக்குப் பழகிவிட்டது. அதைத்தான் நீ ‘தெரிகிறது’ என்கிறாய். தேர்வுக் கூடத்தில் அந்தப் பக்கம் உன் எதிரில் இருக்காது.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உன் தேர்வு ஐந்து நிமிடத்தில் இல்லையே.

கோயிலில் கொடுத்த மாதக் காலண்டரில் பழைய மாதங்களைக் கிழித்து எடுத்துக்கொள். பின்பக்கம் வெள்ளையாக, பெரிதாக இருக்கும். புத்தகத்தை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து கண்ணை வரை. அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது சிலியரித் தசை என்ன ஆகிறது, வில்லையைப் பிடித்திருக்கும் நாண்கள் என்ன ஆகின்றன, வில்லை என்ன வடிவம் எடுக்கிறது என்று வரிசையாக எழுது. பிறகு புத்தகத்தைத் திறந்து, சிவப்புப் பென்சிலால் உன்னை நீயே திருத்து.

சிவப்பு எங்கே விழும் என்று எனக்கு இப்போதே தெரியும். தசை சுருங்கினால் நாண்கள் இறுகும் என்று எழுதியிருப்பாய். எத்தனை விடைத்தாளில் இதைச் சுழித்திருப்பேன்! அந்தத் தசை ஒரு வளையம். வளையம் சுருங்கும்போது அதன் உள்விளிம்பு வில்லையை நெருங்கி வருகிறது. துணி காயப்போடும் கம்பங்கள் இரண்டும் கிட்டக் கிட்ட வந்தால் கொடிக்கயிறு என்ன ஆகும்? தொய்ந்துபோகும். இழுப்பு விட்டதும் வில்லை தானாகவே உப்பிக்கொள்கிறது. ஒளியைக் கூடுதலாக வளைக்கிறது. இந்த நான்கு படியையும் மூடிய புத்தகத்தோடு ஒருமுறை சரியாக எழுதிவிட்டால், நான்கு நிற மையும் தேவைப்படாது. சிவப்பு விழுந்த இடங்கள் மட்டுமே மறுநாளுக்கான பாடம். மற்றதைத் தொடாதே.

குளூக்கோஸ், கிளைக்கோஜன், குளூக்ககான் மூன்றும் எனக்குக் குழம்புகின்றன. ஓர் எழுத்து மாறினால் மதிப்பெண் போகுமா? (மாணவன், ஸ்டேங்கர்)

போகும் தம்பி. ஒரு பொருளின் பெயரில் எழுத்து மாறி அது இன்னொரு பொருளின் பெயர் போல ஆகிவிட்டால், நீ எதை நினைத்து எழுதினாய் என்று திருத்துபவர் ஜோசியம் பார்க்க மாட்டார்.

வீட்டில் உண்டியல் இருக்கிறதா? குளூக்கோஸ் என்பது கையில் புரளும் சில்லறை. கிளைக்கோஜன், உண்டியலில் போட்டுவைத்த காசு. உண்டியல், கல்லீரல். (தசையிலும் கொஞ்சம் சேமிப்பு உண்டு, அதைத் தசையே செலவழித்துக்கொள்ளும்.) சாப்பிட்டு எழுந்ததும் இரத்தத்தில் சில்லறை கூடிவிடும். கணையம் இன்சுலினை அனுப்பும். அது, ‘உண்டியலில் போடு’ என்னும் அம்மா. பசி நேரத்தில் சில்லறை குறைந்ததும் அதே கணையம் குளூக்ககானை அனுப்பும். அது, ‘உண்டியலைத் திற’ என்னும் அப்பா. இதை இரவு ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுது. உண்டியலை மட்டும் விடைத்தாளில் எழுதிவிடாதே.

மகளின் உயிரியல் தாள் தீபாவளிக்கு மறுநாள் வருகிறது. எண்ணெய்க் குளியல், பலகாரம் எதையும் விடக்கூடாது என்கிறார் மாமியார். மகள் அறையைத் தாழிட்டுக்கொண்டாள். நான் யார் பக்கம் பேசுவது? (ஒரு தாய், சாட்ஸ்வொர்த்)

மாமியார் என்னைத் தேடி வந்துவிட்டார் பார்த்தீர்களா! தீபாவளியும் மெட்ரிக் தேர்வும் அக்டோபர், நவம்பரிலேயே வருவதால் நம் வீடுகளில் இந்தச் சண்டை புதிதல்ல.

எண்ணெய்க் குளியல் விடியலிலேயே முடிந்துவிடும். விளக்கேற்றி, ஆயாவின் காலில் விழுந்து எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும்? நேரத்தைத் தின்பது பலகாரத் தட்டுதான். தெருவில் பதினைந்து வீட்டுக்கும் தட்டைக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே, ‘அடுத்த ஆண்டு என்ன படிக்கப் போகிறாய்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். காலை பத்து மணிக்கு அறைக்குப் போனவளை மதியச் சாப்பாட்டுக்குத்தான் கூப்பிட வேண்டும். இரவு வெடிச் சத்தம் ஓயும்வரை அவளால் தூங்க முடியாது. அந்த நேரத்தில் வெளியே வந்து இரண்டு மத்தாப்புக் கொளுத்தட்டும். சத்தம் நின்றபின், ‘இன்னும் ஒரே ஒரு பாடம்’ என்று விளக்கைப் போட மட்டும் விடாதீர்கள்.

மரபியல் கலப்பில் விடை சரியாக வந்தும் எனக்கு முழு மதிப்பெண் கிடைப்பதில்லை. (மாணவி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பி1 (பெற்றோர்), எஃப்1 (பிள்ளைகள்) என்று தலைமுறைகளை எழுதுவதற்கு ஒரு மதிப்பெண். மியோசிஸ் (குன்றல் பகுப்பு), கருவுறுதல் என்ற இரண்டு சொற்களையும் உரிய படியில் எழுதுவதற்கு இன்னொன்று. கட்டத்தை நிரப்பத் தெரிந்த கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இவற்றை விட்டுவிடுவார்கள். பழைய கேள்வித்தாள்களும் அவற்றின் திருத்தும் குறிப்புகளும் அடிப்படைக் கல்வித் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கேள்வித்தாளை மட்டும் பார்த்துவிட்டுக் குறிப்பைப் பார்க்காமல் விடாதே.

என் பேத்தி மெட்ரிக் எழுதுகிறாள். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று ஒப்பிக்கிறாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். கோயில் காரியத்தில் இருப்பவன். அவளுக்கு நான் உதவ முடியுமா, அல்லது காதைப் பொத்திக்கொள்வதா? (ஒரு தாத்தா, டோங்காட்)

ஐயா, காதைத் திறந்தே வையுங்கள். முதலில், அவள் சொல்வதை அப்படியே எழுதினால் மதிப்பெண் வராது. மனிதனுக்கும் இன்றுள்ள வாலில்லாக் குரங்குகளுக்கும் பொதுவான ஒரு மூதாதை இருந்தது என்பதே பாடம். இதை நீங்களே அவளிடம் சொல்லிப் பாருங்கள், அசந்துபோவாள்.

நான் மெட்ரிக் எழுதிய காலத்தில் பரிணாமம் நம் பாடத்திட்டத்தில் இல்லை. அன்றைய அரசுக்கு அது ஆகாது. டாவுங் குழந்தை எனப்படும் புதைபடிவ மண்டையோடு 1924-இலேயே நம் நாட்டு மண்ணில் கிடைத்து, ரேமண்ட் டார்ட் மறு ஆண்டே உலகுக்கு அறிவித்தும், பன்னிரண்டாம் வகுப்புக்கு அந்தப் பாடம் வர 2008 ஆயிற்று. நான் அதைப் படித்துக்கொண்டே நடத்தினேன்.

உங்கள் உதவி இப்படி இருக்கட்டும். பேத்தியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அந்த மண்டையோட்டை வைத்து, அது நிமிர்ந்து நடந்தது என்று எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். தண்டுவடம் நுழையும் பெரிய துளை மண்டையின் பின்பக்கம் தள்ளி இல்லாமல், அடியில் முன்னால் இருக்கிறது. தலை முதுகெலும்பின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது என்று அவள் உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். ஆங்கில வார்த்தையை மனப்பாடம் செய்த பிள்ளை இந்த இடத்தில் திணறும். திணறினால் நீங்கள் நல்ல வாத்தியார். அடுத்து, 1947-இல் ஸ்டெர்க்ஃபொன்டைனில் கிடைத்த மிஸஸ் பிளெஸ் என்னும் மண்டையோட்டைக் கண்டது யார், 2013-இல் ரைசிங் ஸ்டார் குகையில் கிடைத்த ஹோமோ நலேடி என்னும் பழைய மனித இனத்தை அறிவித்தது யார் என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். மிஸஸ் பிளெஸ்ஸைக் கண்ட புரூம் பெயரை டார்ட்டுக்கும், டார்ட் பெயரை நலேடியை அறிவித்த பர்கருக்கும் கொடுத்துவிடுவது பிள்ளைகளின் வழக்கம்.

மச்சம், கூர்மம், வராகம் என்று தசாவதாரத்தோடு ஒப்பிட்டு நீங்கள் பேச ஆசைப்படுவீர்கள். பேசுங்கள், தேர்வு முடிந்த பிறகு.

தேர்வுக் கூடத்தில் முதல் பத்து நிமிடம் என்ன செய்ய வேண்டும்? (மாணவன், லெனேசியா)

தாளுக்கு 150 மதிப்பெண். நேரம் இரண்டரை மணி, அதாவது 150 நிமிடம். மதிப்பெண்ணுக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு உன் கையிலேயே இருக்கிறது. முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அறிவுரைகளை யாரும் படிப்பதில்லை, நீ படி. கேட்டால் மட்டும் படம் வரை என்று அதில் இருக்கும். படத்தைப் பென்சிலால் வரைந்து, பெயர்களை நீலம் அல்லது கருப்பு மையால் குறி என்றும் இருக்கும்.

என் மெட்ரிக் தேர்வில் இதயத்தைப் பற்றி நான்கு வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் இருபது நிமிடம் உட்கார்ந்து, நான்கு அறைகள், வால்வுகள், பெருந்தமனி எல்லாவற்றோடும் ஓர் இதயத்தை வரைந்தேன். அவ்வளவு அழகாக அதற்குப் பிறகு கரும்பலகையில்கூட எனக்கு வந்ததில்லை. அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. கடைசிக் கேள்விக்கு நேரமும் இல்லை.