ஐந்தரை மணி மீட்டிங்கும் ஈரச் சுவரும்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 31, சொந்த ஊர் ஈரோடு. பெங்களூரு கம்பெனி ஒன்றில் மென்பொருள் வேலை. எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் பாங்காக்கிலும் கோலாலம்பூரிலும் சில மாதங்கள் இருந்துவிட்டு, வெளிநாட்டுக் கம்பெனிக்கு அங்கிருந்தே வேலை பார்ப்பவர்களுக்குப் போர்ச்சுகல் தரும் ஒரு வருட டி8 விசாவில் டிசம்பரில் லிஸ்பன் வந்தேன். ஆறு வாரம் ஆகிறது. ஆரோயுஷ் பகுதியில் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை வீடு. காலை ஐந்தரைக்கு முதல் மீட்டிங், ரெண்டு மணிக்கு வேலை முடியும். உடனே படுத்துவிடுவேன். எழுந்தால் இருட்டியிருக்கும். வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் குளிர் அதிகம், சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. கடையில் பில் போடும்போது ஏதோ கேட்கிறார்கள், தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன். பார்க்க வேண்டிய இடங்களையெல்லாம் பார்த்தாயிற்று. வாய்விட்டுப் பேசிப் பல நாள் ஆகிறது. மார்ச்சில் புடாபெஸ்ட் போய்விடலாமா? ஊரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டேனா?

– பெயர் வேண்டாம், லிஸ்பன்

அன்புத் தங்கைக்கு,

ஊரில் தப்பில்லைம்மா. அது விழித்திருக்கும் நேரத்தில் நீங்கள் தூங்குகிறீர்கள், அவ்வளவுதான். ஜனவரியில் லிஸ்பனில் விடிவதே எட்டு மணிக்கு. சாயங்காலம் ஐந்தரை வாக்கில் சூரியன் போய்விடும். நடுவில் இருக்கும் வெளிச்சத்தில் பாதி லேப்டாப்புக்கு, மீதி தூக்கத்துக்கு என்றால் ஈரோட்டிலேயே இருந்தாலும் மனசு சோர்ந்துதான் போகும்.

நாளையிலிருந்து ரெண்டு மணிக்குப் படுக்காதீர்கள். லேப்டாப்பை மூடியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்குங்கள். உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ தாஷ்கா என்று சொல்லும் சின்னச் சாப்பாட்டுக் கடை கட்டாயம் இருக்கும். மூன்று மணிவரை மதியச் சாப்பாடு ஓடும். வாசலில் தாளில் கையால் எழுதி ஒட்டியிருப்பது ‘ப்ராத்து து தீயா’, அன்றைய சாப்பாடு. உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் வந்து இறங்கும். அது இலவசம் இல்லை, தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் சைவம் என்றால் கால்து வெர்து சூப்பில் சோரீசு என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் கவுண்டரில் நின்றபடி ஒரு பீக்கா. நம் டபரா காபியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், ரெண்டு வாய்க் கறுப்புக் காபிதான். அநேகமாக ஒரு யூரோ வாக்கில் முடிந்துவிடும்.

கடையை மட்டும் மாற்றாதீர்கள். தினமும் புதுக் கடையைத் தேடிப் போவது சுற்றுலாக்காரர் பழக்கம். நான் வேலை நிமித்தமாக அந்த ஊரில் ரெண்டு குளிர்காலம் இருந்தவள். என் கடைக்காரர் முதல் மாதம் முழுக்கச் சிரித்ததுகூட இல்லை. ஒருமுறை காய்ச்சலில் நாலு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் போனபோது, கையை விரித்து ‘எங்கே போய்விட்டாய்’ என்பதுபோல் கேட்டுவிட்டு, நான் கேட்பதற்கு முன்னாலேயே பீக்காவை எடுத்து வைத்தார். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிக்காதீர்கள்.

சாப்பிட்டுவிட்டு அங்கிருந்து அலமேடா பூங்கா வரை வெயிலில் நடங்கள். ராத்திரி ஒன்பதுக்குப் படுங்கள். மேனேஜரிடமும் கேட்டுப் பாருங்கள்: இந்திய நேரம் 11 மணிக் கூட்டத்தை ஒரு மணிக்குத் தள்ளினால் உங்களுக்கு அது ஏழரை. தள்ளாவிட்டாலும் மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பார்கள், ஐந்தரை தானாகவே ஆறரை ஆகிவிடும். அந்த நேரம் பார்த்து ஊரைவிட்டுக் கிளம்பப் பார்க்கிறீர்களே!

அடுத்தது வீடு. லிஸ்பனின் பழைய வீடுகளில் பெரும்பாலும் ஹீட்டிங் வசதி கிடையாது. நீங்களும் ஒரு எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கியிருப்பீர்கள். வாங்கியதும் மின் ஒப்பந்தத்தைப் பாருங்கள். சின்ன வீடுகளுக்குப் பெரும்பாலும் 3.45 கேவிஏ அளவுதான் எடுத்திருப்பார்கள், அதாவது ஒரே நேரத்தில் சுமார் 3,450 வாட்தான் இழுக்கலாம். 2,000 வாட் ஹீட்டர் ஓடும்போது 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் மெயின் விழுந்துவிடும், கூடவே வைஃபையும். நான் ஒரு மீட்டிங்கில் பாதி வாக்கியத்தில் காணாமல் போய், இருட்டில் சுவரைத் தடவி ஸ்விட்ச் பெட்டியைத் தேடியிருக்கிறேன். ஹீட்டரை அணைத்துவிட்டுத் தண்ணீர் கொதிக்க வையுங்கள்.

பூஞ்சைக்குக் காரணம் குளிரைவிட ஈரம். துணியை அறைக்குள் காயப்போடுகிறீர்களா? அங்கே எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே கொடி கட்டி உலர்த்துவது சும்மா இல்லை. பகலில் கொஞ்ச நேரம் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், கட்டிலையும் அலமாரியையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கறுப்புத் திட்டுகளுக்கு சூப்பர் மார்க்கெட்டில் லிஷீவியா கிடைக்கும், நம் பிளீச்சிங் திரவம்தான். முகத்தைக் கட்டிக்கொண்டு, காற்றோட்டமாக வைத்துத் துடையுங்கள், வேறு எந்த திரவத்தோடும் கலக்காதீர்கள். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று தரச் சொல்லி வீட்டுக்காரரிடமும் கேளுங்கள்.

கேட்பதற்கு பாஷை வேண்டுமே என்பீர்கள். பாதி உங்களிடமே இருக்கிறது. ஜன்னல் அங்கே ஜனேலா, சாவி ஷாவ், மேசை மேசா, அலமாரி அர்மாரியு, துவாலை துவால்யா. எல்லாம் போர்த்துகீசியர்கள் நமக்கு விட்டுப்போனவை. தமிழ் முதன்முதலில் அச்சேறியதே 1554-ல் அந்த லிஸ்பனில்தான், ரோமன் எழுத்தில். மத்தியானம் வரை ‘பொம் தீயா’, அப்புறம் ‘போவா தார்த்’, நன்றிக்கு ‘ஒப்ரிகாதா’. ஆண்கள்தான் ஒப்ரிகாது என்பார்கள். கடையில் உங்களைக் கேட்பது அநேகமாக ‘கொன்ட்ரிபுயிண்ட்?’ என்றுதான் இருக்கும். பில்லில் உங்கள் வரி எண்ணைப் போடவா என்கிறார்கள். நிஃப் என்ற அந்த ஒன்பது இலக்க எண்ணைச் சொல்லலாம், வேண்டாம் என்றால் ‘நாவ், ஒப்ரிகாதா’. தலையை மட்டும் ஆட்டாதீர்கள், நம் தலையாட்டல் அங்கே யாருக்கும் புரியாது.

விசா விஷயம் சுருக்கமாக. டி8-ல் ரெண்டு வகை. நாலு மாத விசாவில் வந்தவர்கள் அதற்குள் ஐமா என்ற குடியேற்றத் துறை அலுவலகத்தில் குடியிருப்பு அட்டைக்குப் போக வேண்டும். உங்களுடையது ஒரு வருடம் என்கிறீர்கள், அப்படியானால் தற்காலிகத் தங்கல் வகை, அந்த அலைச்சல் இல்லை. ஆனால் 183 நாள் தாண்டினால் போர்ச்சுகல் உங்களை வரி கட்ட வேண்டியவராகப் பார்க்கும். ரெண்டு நாட்டுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது என்றாலும், ஒரு கணக்காளரிடம் ஒரு மணி நேரம் செலவழித்துக் கேட்டுவிடுங்கள். கம்பெனி எச்.ஆருக்கும் தெரிந்திருக்கட்டும். புடாபெஸ்ட்டுக்கு மார்ச்சில் நாலு நாள் தாராளமாகப் போய் வாருங்கள். இந்த விசாவோடு மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் சுற்றலாம், அங்கேயே உட்கார்ந்து வேலை பார்க்க அது அனுமதி தராது.

ஆட்களைப் பற்றி. உங்களைப் போல லேப்டாப்போடு வந்தவர்களின் கூட்டங்களுக்குப் போங்கள், ஆனால் அதையே நம்பியிருக்காதீர்கள். பாதிப் பேர் அடுத்த மாதம் வேறு ஊரில் இருப்பார்கள். வாரம் தவறாமல் ஒரே முகங்களைப் பார்க்கிற மாதிரி ஏதாவது ஒன்றில் சேருங்கள், போர்த்துகீசிய வகுப்போ, பாட்டோ. அறைக்குள்ளேயே வேலை பார்க்க அலுத்தால் காம்பு பெக்கேனுவில் கால்வேயஷ் அரண்மனை நூலகம் இருக்கிறது, தோட்டமும் உண்டு. மீட்டிங் மட்டும் வெளியே வந்து பேசுங்கள். அல்மிராந்த் ரெய்ஷ் சாலையில் கீழ்நோக்கி நடந்தால் மார்த்திம் மொனிஷ் சதுக்கம். பக்கத்தில் பென்ஃபொர்மோசு தெருவில் வங்காளதேசத்தார், நேபாளிகள் கடைகளில் பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் கிடைக்கும். அங்கே ‘இந்தியாவில் எங்கே?’ என்று யாராவது கேட்பார்கள். கொஞ்சம் நின்று பதில் சொல்லுங்கள்.

யாராவது முகம் கொடுக்காமல் போனால் மனசில் வைக்காதீர்கள். 2025-ல் அந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 870 யூரோ. அந்த வருடம் டி8 கேட்டவர் அதைப்போல 4 மடங்கு, 3,480 யூரோ மாத வருமானம் காட்ட வேண்டியிருந்தது. உங்களுக்கு பீக்கா போட்டுத் தருபவரின் மகன் அதே தெருவில் வீடு தேடுகிறான் என்று வையுங்கள். வாடகை ஏறியதில் அவர்களுக்கு நம்மைப் போன்றவர்கள்மீது வருத்தம் இருக்கிறது, அது நியாயமும்கூட. சத்தம் போடாமல், தெருவிலிருக்கும் கடைகளிலேயே வாங்கி, அவர்கள் பாஷையில் வணக்கம் சொன்னால் பாதி வருத்தம் கரைந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஞாயிற்றுக்கிழமை சும்மா படகு ஏறுங்கள். 40 யூரோ மாத நவெகாந்த் பாஸில் காய்ஷ் து சொத்ரே படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் காசில்யாஷ் போகும் படகும் அடக்கம். பத்து நிமிடம்தான், ஆற்று நடுவிலிருந்து ஊரைப் பார்க்கலாம்.

ஜூன் வரையாவது இருங்கள். 12-ம் தேதி ராத்திரி சாந்து அந்தோனியு திருவிழா, தெருவெல்லாம் மத்தி மீன் சுடும் புகை. சின்னத் தொட்டியில் மஞ்செரீக்கு என்ற செடி விற்பார்கள், காகிதப் பூவும் நாலு வரிப் பாட்டு எழுதிய கொடியும் செருகியிருக்கும். நம் திருநீற்றுப் பச்சிலையின் குட்டை இலை வகைதான் அது. மூக்கை நேரே கொண்டுபோனால் செடி வாடிவிடும் என்பார்கள். உள்ளங்கையால் தடவி, கையை முகர வேண்டும். ஒன்று வாங்கி அந்த மூன்றாம் மாடி ஜன்னலில் வையுங்கள். தண்ணீர் நிறையக் கேட்கும்.

– அக்கா