ட்ரெந்தினியானின் இரண்டு மொனாக்கோ வெற்றிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐம்பதுகளின் கார் பந்தயங்களைப் பற்றிய உங்கள் தொடரில் மொரீஸ் ட்ரெந்தினியானைச் சிறந்த ஓட்டுநர்களில் ஒருவராக எழுதியிருந்தீர்கள். ஃபார்முலா ஒன் உலகப் போட்டியில் அவர் வென்றது இரண்டே பந்தயங்கள். 1955, 1958 இரண்டுமே மொனாக்கோ. இரண்டு முறையும் முன்னால் போனவர்களின் வண்டிகள் நின்றுபோனதால்தான் முதலில் வந்தார். இதை அதிர்ஷ்டம் என்று சொல்வதில் என்ன தவறு? இன்னும் இரண்டு சந்தேகங்கள். 1955 பட்டியலில் அவருக்கு 11.33 புள்ளிகள் என்று இருக்கிறதே, அச்சுப்பிழையா? ‘பெதுலே’ என்ற பட்டப்பெயர் எதனால் வந்தது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

11.33 சரியான கணக்குதான். அன்று முதல் ஐந்து இடங்களுக்கு முறையே 8, 6, 4, 3, 2 புள்ளிகள். பந்தயத்தின் நடுவே ஒரு வண்டியை இன்னொருவரிடம் கொடுக்கலாம், புள்ளிகளைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். 1955 ஜனவரியில் புவெனோஸ் ஐரெஸில் கொளுத்திய வெயிலில் மூன்று மணி நேரப் பந்தயம். ஓட்டுநர்கள் மயங்கிச் சரிந்தார்கள். வண்டியை யாரிடமும் கொடுக்காமல் முடித்தவர்கள் ஃபாஞ்சியோ, மியேரெஸ் என்ற இரண்டு அர்ஜென்டினாக்காரர்கள் மட்டுமே. ட்ரெந்தினியானின் ஃபெராரி என்ஜின் பாதியிலேயே போய்விட்டது. அவர் ஓய்வெடுக்கப் போகவில்லை. அணித்தோழர்களான கொன்சாலெஸின் வண்டியிலும் ஏறினார், ஃபரீனாவின் வண்டியிலும் ஏறினார். முன்னது இரண்டாவது, பின்னது மூன்றாவது. இரண்டு வண்டிகளையும் மும்மூன்று பேர் ஓட்டியிருந்ததால் 6ஐ மூன்றால் வகுத்து 2, 4ஐ மூன்றால் வகுத்து 1.33. மொனாக்கோவில் கிடைத்த 8ஐயும் சேர்த்தால் 11.33, ஆண்டிறுதியில் நான்காம் இடம். இப்படிப் பங்கிட்ட வண்டிகளுக்குப் புள்ளி கொடுக்கும் வழக்கம் 1958இல் நின்றது.

இனி அதிர்ஷ்டம். ட்ரெந்தினியான் அந்தக் காலத்தின் அதிவேக ஓட்டுநர் அல்ல. 15 ஆண்டுகளில் உலகப் போட்டிப் பந்தயம் எதிலும் தகுதிச்சுற்றில் முதலிடம் பிடித்ததில்லை. இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மொனாக்கோ வேகத்தை மட்டும் கேட்கும் இடம் அல்ல. அன்று ஒரு சுற்று 3.145 கிலோமீட்டர், பந்தயம் 100 சுற்று. 1955இல் வென்றவரின் சராசரி வேகமே மணிக்கு 106 கிலோமீட்டர்தான். வண்டியைக் கொல்வது இந்த மெதுவேகம்தான். பிரேக் ஆறுவதற்கு நேரான சாலை கிடையாது. சூட்டில், சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவை விட்டு விலக, பெடல் ஆழமாக இறங்கத் தொடங்கும். ரேடியேட்டருக்குப் போதிய காற்று வராது. சுற்றுக்குச் சுற்று ஓயாமல் கியர் மாற்ற வேண்டும். களைத்த கை ஒரே ஒரு முறை தவறான கியரில் விழுந்தால், என்ஜின் வரம்பை மீறிச் சுழலும். வால்வு ஸ்பிரிங் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து இடிக்கும். அது அப்போதே உடையாமல் இருபது சுற்று கழித்தும் உடையலாம். பார்ப்பவருக்கு அது திடீர்க் கோளாறு. செய்த தவறு ஓட்டுநருக்கு மட்டும்தான் தெரியும்.

1955 மே 22 அன்று ட்ரெந்தினியான் ஒன்பதாவதாகப் புறப்பட்டார். அவருடைய ஃபெராரி 625 நான்கு சிலிண்டர், 2.5 லிட்டர், பழைய வடிவம். எட்டு சிலிண்டர் மெர்சிடிஸோடும் லான்சியாவோடும் நேர்ச்சாலையில் போட்டிபோட முடியாது. ஆனால் குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுக்கும் என்ஜின், குறுகிய வளைவுகளுக்கு ஏற்றது. பாதித் தூரத்தில் டிரான்ஸ்மிஷன் கோளாறால் மெர்சிடிஸின் ஃபாஞ்சியோ நின்றார். 81ஆம் சுற்றில் இன்னொரு மெர்சிடிஸை ஓட்டிய மாஸின் என்ஜின் புகைந்தது. அடுத்த கணங்களில் அஸ்காரி லான்சியாவோடு துறைமுகத் தண்ணீரில் விழுந்தார். அங்கேதான் ட்ரெந்தினியான் முன்னிலைக்கு வந்தார்.

இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவதுதான் ‘அதிர்ஷ்டம்’ என்ற பேச்சுக்குக் காரணம். இன்னும் 20 சுற்று பாக்கி இருந்தது. பின்னால் காஸ்டெலோட்டி, புதிய லான்சியாவில், வயதில் மிக இளையவர். அவரை முந்தவிடாமல், அதே சமயம் களைத்துப்போன பிரேக்கையும் கியர்பெட்டியையும் உடைக்காமல் கொண்டுவந்து சுமார் 20 விநாடி வித்தியாசத்தில் முடித்தார். உலகப் போட்டிப் பந்தயம் ஒன்றை ஒரு பிரெஞ்சுக்காரர் வென்றது அதுவே முதல்முறை.

1958இன் வெற்றியை இதைவிடப் பெரியதாகவே நான் மதிக்கிறேன். ராப் வாக்கரின் தனியார் அணி, பின்புறம் என்ஜின் வைத்த கூப்பர். எதிரே சுமார் 2.5 லிட்டர் என்ஜின் கொண்ட ஃபெராரி, வான்வால், பிஆர்எம் வண்டிகள். இவருடைய கிளைமாக்ஸ் என்ஜினோ சுமார் இரண்டு லிட்டர்தான். என்ஜின் பின்னால் இருப்பதால் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோக, ஓட்டுநரின் அடியில் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் தேவையில்லை. இருக்கை தாழ்ந்தது, வண்டி சிறுத்தது, எடை குறைந்தது. அதனால் பிரேக்குக்கும் டயருக்கும் வேலை குறைவு. அந்த ஆண்டு ஆல்கஹால் கலந்த எரிபொருளைத் தடைசெய்து விமானப் பெட்ரோலைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். ஆல்கஹால் ஆவியாகும்போது என்ஜினின் உட்புறத்தையே குளிர்விக்கும். அதை நம்பி வடிவமைத்த வான்வாலும் பிஆர்எம்மும் என்ஜினைத் திருத்த வேண்டியிருந்தது. கிளைமாக்ஸ் பெட்ரோலிலேயே பிறந்தது.

கூப்பரின் பலவீனம் கியர்பெட்டி. சித்ரோயன் குடும்பக் காரின் பெட்டியை எடுத்து, பல்சக்கரங்களை மாற்றி, பந்தயத்துக்குத் தயார்செய்திருந்தார்கள். முரட்டுத்தனமாக மாற்றினால் தாங்காது. அப்படிப்பட்ட வண்டிக்கு மெல்லிய கை வேண்டும். அந்தக் கை இவரிடம் இருந்தது. முன்னால் போனவர்களில் பெராவுக்கு பிரேக் போனது, மாஸுக்கு என்ஜின், ஹாதார்னுக்கு எரிபொருள் பம்ப். 48ஆம் சுற்றில் முன்னிலைக்கு வந்த ட்ரெந்தினியான் கடைசிவரை அதை விடவில்லை. 53 சுற்றுகள்! துரத்தியவர்கள் முஸ்ஸோவும் காலின்ஸும், இருவரும் ஃபெராரியில். வித்தியாசம் இம்முறையும் சுமார் 20 விநாடி. பாதிப் பந்தயத்துக்கும் மேலாக முன்னிலையில் இருந்தவரை அதிர்ஷ்டக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்தக் கை எங்கே பழகியது? கொர்தினியில் என்பது என் கணிப்பு. அந்தச் சிறிய பிரெஞ்சு அணியில் பணம் இல்லை, சிறிய என்ஜினை வரம்புவரை முறுக்கித்தான் போட்டியிட்டார்கள். உடைந்தால் மாற்று என்ஜின் எளிதில் கிடைக்காது. அங்கே சில ஆண்டுகள் ஓட்டியவர் காதால் என்ஜினைக் கேட்கக் கற்றுக்கொள்வார்.

1954இல் கொன்சாலெஸோடு சேர்ந்து, கிட்டத்தட்ட ஐந்து லிட்டர் ஃபெராரி 375 பிளஸில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையும் வென்றார். மழை. கடைசிக் கட்டத்தில் பிட்டில், அதாவது எரிபொருள் நிரப்பிப் பழுதுபார்க்கும் இடத்தில், நிறுத்திய வண்டி, பற்றவைப்பு நனைந்துபோய், பல நிமிடங்கள் கிளம்பவே மறுத்தது. ஜாகுவார் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுக்கும் குறைவான இடைவெளியில் ஜெயித்தார்கள்.

அதிர்ஷ்டம் அவருக்கு எதிராகப் போன நாளும் உண்டு. 1959 டிசம்பர், அமெரிக்காவின் செப்ரிங். அவ்வளவு ஆண்டுகளில், பந்தயத்தில் மற்ற எல்லோரையும்விட வேகமான சுற்றை அவர் ஓட்டியது அந்த ஒரு முறைதான். மெக்லாரனிடம் 0.6 விநாடியில் தோற்றார்.

பட்டப்பெயர் 1945 செப்டம்பரில் பாரிஸின் புவா து பூலோனில் நடந்த, போருக்குப் பிந்தைய முதல் பந்தயத்தில் வந்தது. அவருடைய புகாட்டியைப் போர் முடியும்வரை ஒரு களஞ்சியத்தில் ஒளித்துவைத்திருந்தார்கள். எரிபொருள் தொட்டியில் எலிகள் குடியேறிவிட்டன. பந்தயத்தில் எலிப்புழுக்கை பெட்ரோலோடு கிளம்பி வடிகட்டியை அடைத்தது, என்ஜின் பட்டினியில் நின்றது. புரோவான்ஸ் பேச்சில் அந்தப் புழுக்கையின் பெயர்தான் பட்டப்பெயரானது. நெடுநாள் நிறுத்திய வண்டிக்கு இது இன்றும் பொருந்தும். தொட்டியைக் கழற்றிக் கழுவாமல் பெட்ரோல் ஊற்றினால், ஊற்றியவுடன் ஓடும். வளைவில் எரிபொருள் குலுங்கத் தொடங்கிய பிறகுதான் அடியிலுள்ள கசடு குழாய்க்கு வரும். ஓய்வுக்குப் பின் திராட்சைத் தோட்டத்தைக் கவனித்துக்கொண்ட ட்ரெந்தினியான், தன் ஒயினுக்கும் அதே பெயரையே வைத்தார்.